கூர்வாயன் வைத்த விருந்து

நீலகிரி மலை உச்சியில், சோலைக்காடும் புல்வெளியும் சந்திக்கும் இடத்தில் ஒரு காட்டுப்பூவரசு மரம் நின்றது. அதன் பட்டை தடித்து, வெடித்து, ஆழமான பிளவுகளோடு இருந்தது. அந்தப் பிளவுகளில் ஒன்றில் ஒரு பொறிவண்டுக் கூட்டம் குளிர்காலத்தைக் கழித்து வந்தது. சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த, துவரம்பருப்பு அளவு வண்டுகள்தான். ஆனாலும் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவை பட்ட பாடு பெரும்பாடு.

அந்த மலையின் குளிர் ஒரு மாதிரியானது. பகலில் வெயில் முதுகைச் சுடும். பொழுது சாய்ந்து, காற்று நின்று, வானத்தில் மேகமும் இல்லாமல் போனால் போதும், விடிவதற்குள் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகிவிடும். குட்டைத் தண்ணீர் கண்ணாடி போல இறுகிவிடும். வண்டின் உடம்புக்குள் இருப்பதும் தண்ணீர்தானே? அதுவும் இறுகினால் வண்டு செத்துப்போகும்.

வண்டுகளிடம் கம்பளியும் இல்லை, கணப்பும் இல்லை. குளிர்காலம் வந்ததும் அவற்றின் உடம்பிலுள்ள நீர் பாகு போலத் தடித்துக்கொள்ளும். பாகு லேசில் உறையாது. ஆனால் கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகுக்குள் ஒரு நூலைத் தொங்கவிடுவார்கள், தெரியுமா? அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் கற்கண்டு கட்டி கட்டியாக வளரும். வண்டின் வயிற்றில் கிடக்கும் சாப்பாடும் அந்த நூல் மாதிரிதான். அதைப் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் பனிக்கட்டி வளர ஆரம்பித்துவிடும். அதனால் குளிர்காலம் முழுக்க வண்டுகள் பட்டினி கிடக்கும். படுக்கிற இடத்தையும் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும். உடம்பில் ஈரம் பட்டால், வெளியே உறைகிற பனி அதன் வழியே உள்ளே நுழைந்துவிடும்.

இன்னொரு வம்பும் இருந்தது. பிளவுக்குள் அவை காலோடு கால் பின்னிக்கொண்டு குவியலாகப் படுக்கும். அதில் ஒரு வண்டு உறைந்தால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வண்டுக்கும் பனி தாவும். அங்கிருந்து அடுத்ததற்குத் தாவும். விடியும்போது குவியல் மொத்தமும் போயிருக்கும்.

அதனால்தான் தினமும் சாயங்காலம் பிளவின் வாசலில் புங்கன் நின்றான். அவன் பருத்த உடம்புக்காரன். வெயில் காய வெளியே போன வண்டுகள் திரும்பி வரும்போது ஒவ்வொன்றையும் நிறுத்தி, "வயிறு காலியா?" என்று கேட்பான். "காலி" என்று சொன்ன பிறகுதான் வழி விடுவான். யாரும் யார் வயிற்றையும் திறந்து பார்க்க முடியாது. சொல்லுகிற சொல்லை நம்பித்தான் அந்தக் குவியலே படுத்திருந்தது.

அந்தக் கூட்டத்தில் மாதுளி என்று ஒருத்தி இருந்தாள். ஒல்லியான உடம்பு. ஒல்லியானவர்களுக்குக் குவியலின் நடுவில் இடம் என்பது அவர்களுடைய வழக்கம். அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய தோழி துவரை படுப்பாள். மாதுளி நல்லவள்தான், ஆனால் பசி பொறுக்கமாட்டாள். பட்டினி தொடங்கிய நாளிலிருந்து சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே அவள் வாயில் வரவில்லை. துவரை காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

மரத்தடியில் ஒரு புதர் இருந்தது. அதன் தண்டுகளில் அசுவினிகள் மொய்த்துக் கிடக்கும். அசுவினி என்றால் செடியின் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சி. பொறிவண்டுகளுக்கு அதைவிட ருசியான சாப்பாடு கிடையாது. ஆனால் அந்த அசுவினிகளுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். கட்டெறும்புகள் அவற்றை மாடு மாதிரி மேய்த்து, அவை விடுகிற இனிப்பு நீரைக் குடித்து வாழ்ந்தன. அந்த மேய்ப்பர்களில் ஒருவன் கூர்வாயன். கோடையில் வண்டுகள் அவன் மந்தைக்குள் புகுந்து தின்றதை எல்லாம் அவன் மறக்கவில்லை. வண்டு வாடை அடித்தாலே அவன் கொடுக்கு துடிக்கும்.

அப்படிப்பட்ட கூர்வாயன், ஒருநாள் மத்தியானம் மரப்பட்டையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த மாதுளியிடம் வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"என்ன தங்கச்சி, இப்படி இளைச்சுப் போயிட்டே? பாக்கவே மனசு கேக்கல" என்றான்.

மாதுளி பயந்து பின்வாங்கினாள். கூர்வாயன் கொடுக்கைத் தாழ்த்திக்கொண்டு நயமாகப் பேசினான். கோடைச் சண்டை கோடையோடு போகட்டும் என்றான். குளிருக்கு எல்லாரும் பங்காளிகள் என்றான். அவன் இரண்டு கொழுத்த அசுவினிகளைச் சுமந்து வந்திருந்தான். அவற்றை அவள் முன்னால் மெல்ல இறக்கி வைத்தான்.

"வேண்டாம் அண்ணே. வயித்துல ஏதாச்சும் இருந்தா உறைஞ்சு போயிருவோம்" என்றாள் மாதுளி. அவள் பார்வை மட்டும் அசுவினியை விட்டு நகரவில்லை.

"யாரு சொன்னது? அந்தப் புங்கனா? அவன் உடம்பப் பாத்தா பட்டினி கிடக்கிறவன் மாதிரியா இருக்கு? வயிறு நிறைஞ்சா உடம்புல சூடு ஏறும் கண்ணு. நாங்க எல்லாம் தின்னுட்டுத்தானே தூங்குறோம், செத்தா போயிட்டோம்?"

எறும்புகள் மண்ணுக்கு அடியில் ஆழத்தில் தூங்குகின்றன, உறைபனி அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்பதை அவன் சொல்லவில்லை. மாதுளிக்கும் கேட்கத் தோன்றவில்லை. பசித்தவளுக்குப் பிடித்த பேச்சு, சாப்பிடச் சொல்லும் பேச்சுதானே. இந்த ஒரு நாள்தானே என்று நினைத்தாள். இன்றைக்குப் பனி விழாமலும் போகலாம் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் முதல் அசுவினி தொண்டையைத் தாண்டிவிட்டது. இரண்டாவதும் பின்னாலேயே போனது.

சாயங்காலம் காற்று சட்டென்று நின்றது. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வண்டுகள் அவசர அவசரமாகப் பிளவை நோக்கி ஓடின. மாதுளியும் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது.

"வயிறு காலியா?"

"காலி" என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வருமென்று அவளுக்கே தெரியாது.

உள்ளே போய் நடுவில் படுத்தாள். துவரை வழக்கம்போல அவள் காலோடு தன் காலைப் பின்னிக்கொண்டு, இன்றைக்குக் குளிர் பலமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். சுற்றிலும் வண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அடைந்தன. மாதுளிக்குத் தூக்கம் வரவில்லை. வயிற்றுக்குள் அந்த இரண்டு அசுவினிகளும் இரண்டு கல் மாதிரி கனத்தன. உடம்பில் சூடு ஏறுகிறதா என்று பார்த்தாள். ஏறவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அப்போதும் ஏறவில்லை. அவள் காலில் பட்டுக்கொண்டிருந்த துவரையின் கால்தான் கொஞ்சம் இதமாக இருந்தது. அந்த இதம்தான் அவளை மேலும் பயமுறுத்தியது.

இப்போதே சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன செய்வார்கள்? வெளியே தள்ளிவிட்டால் எங்கே போவது? சொல்லாமல் இருந்தால்? ஒன்றும் ஆகாமலும் போகலாமே. ஆகிவிட்டால்? இப்படியே அவள் மனம் முன்னும் பின்னும் ஓடியது. கடைசியில் மூச்சு முட்டுவது போலிருந்ததால், எச்சம் போட்டுவிட்டு வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, குவியலைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். எச்சமும் வரவில்லை. உண்டது செரிக்க நேரம் வேண்டாமா?

வாசலுக்குக் கீழே கூர்வாயன் நின்றுகொண்டிருந்தான். மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

"ஏன் தங்கச்சி வெளிய வந்தே? உள்ள போ, உள்ள போ" என்றான். அவன் குரலில் ஒரு பதற்றம் இருந்தது. வாயில் இன்னொரு அசுவினி. "இதையும் தின்னுட்டு நடுவுல போய்ப் படுத்துக்க. ஓரமா ஒதுங்கிராதே, நடுவுலதான் படுக்கணும்."

மாதுளி அவனை உற்றுப் பார்த்தாள். இந்த எறும்புக்கு மாடுகள் என்றால் உயிர். கோடையில் ஒரே ஓர் அசுவினிக்காக ஒரு வண்டின் காலைக் கடித்துத் துண்டாக்கியவன். இன்று மத்தியானம் இரண்டைக் கொடுத்தான். இப்போது மூன்றாவதை நீட்டுகிறான். எதிரிக்காகத் தன் மாட்டைத் தானே அறுத்துப்போடுகிறவன் எவனாவது உண்டா?

"நான் நடுவுல படுத்தா என்ன, ஓரத்துல படுத்தா உங்களுக்கென்ன அண்ணே?" என்று கேட்டாள்.

கூர்வாயன் வாயைத் திறந்தான். அசுவினிதான் நழுவிக் கீழே விழுந்தது.

மாதுளிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் புங்கன் கேட்கிற கேள்வியை இவன் கீழே நின்று ஒட்டுக்கேட்டிருக்கிறான். ஒரு வண்டின் வயிற்றை நிரப்பினால் ஒரு கூட்டமே விடிவதற்குள் ஒழியும், பிறகு மந்தைக்குப் பயமே இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறான். அவளை மட்டும் கொல்ல நினைத்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. துவரையைக் கொல்ல என் வயிற்றை ஆயுதமாக எடுத்துக்கொண்டானே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

அவள் உள்ளே திரும்பினாள். ஆனால் குவியலைத் தொடவில்லை. வாசலிலேயே நின்று, "யாரும் என்னைத் தொடாதீங்க. நான் பொய் சொல்லிட்டேன். என் வயிறு காலி இல்ல" என்று கத்தினாள்.

குவியல் கலைந்தது. தூங்கியவர்கள் விழித்தார்கள், விழித்தவர்கள் பதறினார்கள். என்ன தின்றாள், எப்போது தின்றாள், யார் கொடுத்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மாதுளி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவள் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் தங்கள் கால்களைத் துடைத்துக்கொண்டார்கள். அதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. புங்கன் கோபத்தில் இன்னும் பருத்தான்.

"இத்தனை பேரு உசுரு உன் வயித்துல இருக்குன்னு தெரியாதா உனக்கு? வாசல்லயே சொல்லியிருந்தா வெளிச்சத்துலயே உனக்கு ஒரு நல்ல இடம் பாத்துக் குடுத்திருப்பேனே!"

வெளியே துரத்து என்று சிலர் குரல் கொடுத்தார்கள். மாதுளி திரும்பி நடந்தாள். அப்போது துவரை முன்னால் வந்தாள். கொஞ்சம் மேலே, மரம் துளைக்கும் வண்டு எப்போதோ குடைந்துவிட்டுப் போன பொந்துகள் இருப்பதாகச் சொன்னாள். உள்ளே முழுக்க மரத்தூள், சொட்டு ஈரம் கிடையாது, தனியாகப் படுக்கலாம் என்றாள்.

புங்கன் யோசித்தான். "வயிறு நிறைஞ்சிருக்கு. ஈரமாவது படாம இருந்தா தப்பிக்கலாம். நிச்சயமில்ல. போ, சீக்கிரம் போ" என்றான். அவன் குரலில் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

துவரை அவளைத் தொடாமல், தூரத்திலிருந்தே வழி காட்டினாள். மாதுளி ஏறினாள். குளிர் அதற்குள் பட்டையில் ஊறிவிட்டிருந்தது. கால்கள் மரத்துப் போயின. இரண்டு முறை வழுக்கினாள். ஒருவழியாகப் பொந்துகள் கண்ணில் பட்டன, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு இருந்தன. ஒன்றுக்குள் நுழைந்து மரத்தூளைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாளைக்கு விழிப்போமா என்று தெரியவில்லை. ஆனால் துவரை விழிப்பாள். அந்த நினைப்பில் நெஞ்சின் பாரம் கொஞ்சம் குறைந்தது.

அந்த நேரத்தில் பொந்துக்கு வெளியே சரசரவென்று காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கூர்வாயன்!

அவன் கதை வேறு மாதிரி திரும்பியிருந்தது. மாதுளி நடுவில் போய்ப் படுக்கிறாளா என்று பார்க்கப் பிளவின் அடியிலேயே காத்துக் கிடந்தான். நேரம் போனது தெரியவில்லை. எறும்புகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொழுது அடைந்ததும் புற்றின் வாயை மண் உருண்டை வைத்து அடைத்துவிடுவார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று பார்க்கமாட்டார்கள். கூர்வாயன் ஓடிப்போய்த் தட்டினான், சுரண்டினான், கத்தினான். ஈர மண் அதற்குள் குளிரில் இறுகிவிட்டிருந்தது. இப்போது அவன் வயிறு நிறைய இனிப்பு நீரோடு, நடுங்கிக்கொண்டு மரத்தில் அலைந்தான்.

மாதுளி நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம். அவனைப் பார்த்ததும் அவளுக்குக் கொதித்தது உண்மைதான். ஆனால் அந்தக் குளிரையும் பயத்தையும் இப்போதுதான் அவளும் அனுபவித்து வந்திருந்தாள்.

கூர்வாயன் பொந்தைத் தாண்டி ஒரு கிளைக் கவட்டைக்குப் போனான். அங்கே பச்சைப் பாசி மெத்தை மாதிரி தடித்துக் கிடந்தது. அதற்குள் நுழையப் பார்த்தான்.

"அண்ணே, பாசியில படுக்காதீங்க" என்று மாதுளி கூப்பிட்டாள். "அது பூரா ஈரம். ஈரம் உறைஞ்சா உங்களையும் சேர்த்து உறைய வெச்சிரும். எனக்குப் பக்கத்துல இன்னொரு பொந்து இருக்கு. காய்ஞ்ச இடம். அதுல போய்ப் படுங்க."

கூர்வாயன் நின்றான். பொந்தைப் பார்த்தான். கட்டையும் தூளுமாக, சொரசொரவென்று இருந்தது. பாசியைப் பார்த்தான். மெத்தென்று, கதகதப்பாக இருக்கும்போல் தெரிந்தது. வயிற்று விஷயம் அவனுக்குத் தெரியும், ஒட்டுக்கேட்டிருக்கிறான். ஈரத்தைப் பற்றிப் புங்கன் வாசலில் கேட்பதில்லை, அதனால் அது அவன் காதில் விழவில்லை. மண்ணுக்கடியில் வாழ்கிறவனுக்கு உறைபனியைப் பற்றி வேறென்ன தெரியும்?

அவன் மனசுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. மத்தியானம் நான் இவளுக்கு என்ன செய்தேன்? 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லிச் சாகிற வழியைக் காட்டினேன். இப்போது இவள் அதே பேச்சை எனக்கே திருப்பித் தருகிறாள். நல்ல மெத்தையை விட்டுவிட்டு அந்தக் கட்டைப் பொந்தில் போய் நான் விறைத்துச் சாகவேண்டும், அதைப் பார்த்து இவள் சிரிக்கவேண்டும், அவ்வளவுதானே!

"உன் தந்திரம் எங்கிட்டயா தங்கச்சி? இந்த வேலையில நான் உனக்கு வாத்தியார்" என்றான்.

"தந்திரம் இல்ல அண்ணே. சத்தியமாச் சொல்றேன், அங்க படுத்தா செத்துப் போயிருவீங்க."

அவள் கெஞ்சக் கெஞ்ச அவனுக்குச் சந்தேகம் கூடியது. இவ்வளவு கெஞ்சுகிறாள் என்றால் அந்தப் பாசியில்தான் ஏதோ நல்லது இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டான். பாசியை விலக்கி ஆழமாக உள்ளே போய், தலையையும் இழுத்துக்கொண்டான். மாதுளி இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். அவன் தலையை வெளியே நீட்டவே இல்லை. பிறகு அவளாலும் கூப்பிட முடியவில்லை. குளிர் அவள் வாயையும் கட்டிவிட்டது.

அந்த வருடத்தின் கடுமையான பனி அன்றைக்குத்தான் விழுந்தது.

விடிந்தபோது புல்வெளி முழுக்க உப்பு கொட்டியது போல வெள்ளையாகக் கிடந்தது. வெயில் மரத்தில் ஏறி, பிளவின் வாயைத் தொட்டது. புங்கன் முதலில் வெளியே வந்தான். பின்னாலேயே ஒவ்வொருவராக, சோம்பல் முறித்துக்கொண்டு, எல்லாரும் வந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. துவரை மட்டும் வெயில் காய நிற்காமல் நேராக மேலே ஏறினாள்.

பொந்துக்குள் மாதுளி மரத்தூளுக்கு அடியில் அசையாமல் கிடந்தாள். துவரை கூப்பிட்டாள். அசைவில்லை. தொடலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். வெயில் மெல்ல நகர்ந்து பொந்துக்குள் விழும்வரை அவளும் நகரவில்லை. வெயில் பட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, மாதுளியின் பின்னங்கால் ஒன்று இழுத்துக்கொண்டது. பிறகு இன்னொன்று.

"துவரை, எல்லாரும் எந்திரிச்சாச்சா?" என்று அவள் மெல்லிய குரலில் கேட்டாள்.

"எல்லாரும் எந்திரிச்சாச்சு. நீயும் எந்திரி" என்றாள் துவரை. காலை நீட்டினாள். மாதுளி அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே வந்ததும் மாதுளி திரும்பிப் பார்த்தது கிளைக் கவட்டையைத்தான். பாசி முழுவதும் பனியில் விறைத்து, வெள்ளை முள்ளாக நின்றது. அதன் நடுவே கூர்வாயனின் ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வெயில் ஏறி, பாசி உருகிச் சொட்டத் தொடங்கிய பிறகும் அந்தக் கால் அசையவில்லை. பக்கத்துப் பொந்து காலியாகத்தான் இருந்தது, சொன்னால் கேட்கவில்லையே என்று மாதுளி துவரையிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

செய்த தப்பை ஒளிக்காமல் சொன்னவருக்கு ஒதுங்க ஓர் இடமாவது கிடைக்கும், பொய் சொல்லியே பழகியவருக்கோ உயிர் காக்கும் உண்மையும் பொய்யாகத்தான் கேட்கும்.